₹90 இஞ்ச் டேப்பும் ஒரு தர்பூசணிச் சண்டையும்

வாங்கியது தையல் இஞ்ச் டேப், ஃபைபர் போட்டது, மஞ்சள் நிறம். விலை ₹90. விழுப்புரம் கடைத்தெருவில் ஒரு தையல் சாமான் கடையில் வாங்கினேன். இரண்டரை மாதமாகக் கையில் இருக்கிறது.

ஒரு இஞ்ச் டேப்புக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். அவருக்கென்ன, அளவு எடுப்பதெல்லாம் நான்தானே. திண்டிவனத்தில் வீட்டு முன்னறையில் பதினொரு வருடமாக பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். இத்தனை வருடமும் ஒரே டேப். வெள்ளை நிறம், ஓரமெல்லாம் பழுத்து, எண்கள் பாதி அழிந்தது. அழிந்த இடத்தில் எந்த எண் என்று விரலுக்கே தெரியும். அந்த டேப் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தர்பூசணிக் கடையில் நின்று சண்டை போட்ட பிறகுதான் தெரிந்தது.

பெண் பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்கு முந்தின மாதம். கட்டிங் டேபிளின் ஒரு மூலையில் அவள் அளவியல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், மறுமூலையில் நான் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா, கோளத்தோட ஆரம் குடுக்காம சுற்றளவு மட்டும் குடுத்திருக்கான். 44 சென்டிமீட்டர். கன அளவு கேக்குறான். ஆரத்துக்கு நான் எங்க போறது?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தொழிலில் சுற்றளவைத் தவிர வேறு எதைத்தான் தருகிறார்கள்? மார்பு 36, இடுப்பு 30, கை 11 எல்லாம் சுற்றளவுதான். ஆனால் அம்பிரெல்லா கட் பாவாடை வெட்ட ஆரம் வேண்டும். துணியை நாலாக மடித்து, மூலையில் டேப்பின் நுனியை வைத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையில் சாக்குக் கட்டியால் வளைவு போட வேண்டும். எத்தனை இஞ்சில் வளைவு? இடுப்பு அளவை 6.28ஆல் வகுத்தால் வரும். 28 இஞ்ச் இடுப்பு என்றால் ஏறக்குறைய நாலரை. எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்கா அந்த எண்ணை ஏன், எதற்கு என்று சொல்லாமலே மனப்பாடம் பண்ண வைத்தார். பெண்ணிடம் சொன்னதும் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 3.14ஐ இரண்டால் பெருக்கினால் 6.28. அட, இவ்வளவு நாள் பையைத் தைத்துவிட்டு உள்ளே கையை விட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

சரி, 44ஐ 6.28ஆல் வகுத்தால் ஆரம் 7. அதற்குப் பிறகு அவள் பாடு. ஆரத்தின் கனத்தை (7, 7, 7 பெருக்கினது) 3.14க்குப் பதில் 22/7ஆல் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்கி மூன்றால் வகுத்து, சுமார் 1437 கன செ.மீ. என்று விடை எழுதினாள். கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் கொள்ளும் உருண்டை.

மறுநாள் டியூஷன் சாரிடம் கேட்டு வந்து இன்னொரு குறுக்கு வழியும் சொன்னாள். ஆரமே கண்டுபிடிக்க வேண்டாம். சுற்றளவை மூன்று முறை போட்டுப் பெருக்கி, 59.2ஆல் வகுத்துவிடு. அவ்வளவுதான். அந்த 59.2 எங்கிருந்து வந்தது என்றேன். ஆரம் இருக்கிற இடத்தில் 'சுற்றளவு வகுத்தல் 6.28' என்று வைத்துச் சுருக்கினால், பையை பையால் பெருக்கி ஆறால் பெருக்கினது கீழே நிற்கும், அதுதான் 59.2 என்றாள். பை என்றால் நான் தைக்கிற பை இல்லை, 3.14 பை. போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 44, 44, 44, வகுத்தல் 59.2. 1438 சொச்சம் வந்தது. அவள் பயன்படுத்தியது 22/7 என்பதால் ஒன்று முன்னே பின்னே இருக்கும் என்றாள். இருக்கட்டும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு கை சும்மா இருக்குமா? மாசி பிறந்ததுமே எங்கள் ஊர்ப் பக்கம் ரோட்டோரம் முழுக்கத் தர்பூசணி குவித்துவிடுவார்கள். மரக்காணம் ரோட்டில் வழக்கமாக வாங்கும் தம்பியிடம் போனேன். நல்ல உருண்டையாக ஒன்று எடுத்து, கழுத்தில் தொங்கின டேப்பைச் சுற்றினேன். 64.7. போனில் போட்டேன். 4575 கன செ.மீ., அதாவது நாலரை லிட்டர் சொச்சம். தர்பூசணி தண்ணீரில் மிதக்கும், எல்லோரும் தொட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறோம். அப்படியென்றால் ஒரு லிட்டர் பழம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். இந்தப் பழம் 4 கிலோ 575 கிராமைத் தாண்டவே முடியாது. தம்பி தராசில் வைத்தார். 4 கிலோ 700.

"தம்பி, உங்க தராசு தப்பு" என்றேன். "அக்கா, பழத்தைச் சுத்தி டேப் புடிச்சு எடை சொல்ற ஆள இப்பதான் பாக்குறேன்" என்றார் அவர். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். எனக்கு வீம்பு. மிதக்கிற பழம், கன அளவு, 59.2 என்று என்னென்னவோ பேசினேன். கிலோ இருபது கணக்கில் 94 ரூபாய் ஆக வேண்டியது. "சரி, 85 குடுங்கக்கா, விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெயித்த தெம்பில் வீட்டுக்கு வந்தேன். பெண்தான் நம்பவில்லை. தராசைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, சூத்திரம் நிஜத்தில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வீட்டிலிருந்த அவள் தம்பியின் ரப்பர் பந்தை எடுத்தாள். சுற்றளவு என் டேப்பில் 20. மூன்று முறை பெருக்கினால் 8000, 59.2ஆல் வகுத்தால் 135. ஒரு குண்டானில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, கீழே தாம்பாளம் வைத்து, பந்தை இரண்டு விரல் நுனியால் மூழ்கும்வரை அழுத்தினாள். தாம்பாளத்தில் வழிந்த தண்ணீரைப் பக்கத்து வீட்டில் கேக்குக்கு மாவு நிறுக்கும் சின்னத் தராசில் வைத்தோம். 145 கிராம். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. பத்து எங்கே போனது? மறுபடி செய்தோம். 144. விரல் நுனிக்கு ஒன்று இரண்டு கழித்தாலும் எட்டு இடிக்கிறது.

"சூத்திரம் தப்பா இருக்காதும்மா. உன் டேப்தான் தப்பு" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினொரு வருடத் தொழில்.

அந்தக் கோபத்தில்தான் விழுப்புரம் போனேன், கூடவே லைனிங் துணியும் நூலும் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் பெரியவர், நரைத்த மீசை, அதிகம் பேசமாட்டார். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் இரும்பு மீட்டர் கோலை எடுத்து மேஜையில் வைத்து, என் டேப்பை அதன்மேல் படுக்க வைத்தார். கோலில் 100 முடிகிற இடத்தில் என் டேப்பில் 98. இழுத்து இழுத்து இரண்டு சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது. பழைய பிளாஸ்டிக் டேப் எல்லாம் இப்படித்தான், ஆணியில் மாட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம் நீளும் என்றார். நான் மாட்டி வைப்பது ஜன்னல் ஆணியில், மத்தியான வெயில் நேராக விழும் இடத்தில்.

டேப் நீண்டால் எண் குறைவாகக் காட்டும். இரண்டு சதவீதம் குறைந்தால் என்ன என்று தோன்றும். சுற்றளவை மூன்று முறை பெருக்குகிறோமே, தப்பும் கூடவே மூன்று முறை பெருகிவிடுகிறது. இரண்டு என்பது ஆறாகிவிட்டது. பந்தில் போன தண்ணீரும் அங்கேதான் போனது, தர்பூசணித் தம்பியின் மானமும் அங்கேதான் போனது.

ஆனால் தைத்த பிளவுஸ் எல்லாம் எப்படிப் பொருந்தின? கடையிலேயே நின்று யோசித்தேன். ஆளையும் அதே டேப்பால்தான் அளக்கிறேன், துணியையும் அதே டேப்பால்தான் வெட்டுகிறேன். தப்புக்குத் தப்பு சரியாகிவிட்டது. வெளியிலிருந்து வரும் அளவு மட்டும்தான் உதைக்கும். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. 80 செ.மீ. பிளவுஸ் பிட் வாங்கி வரும் ஒவ்வொருவரிடமும் "துணிக்கடைக்காரன் ஒன்றரை சென்டிமீட்டர் குறைச்சுத்தான் கிழிக்கிறான்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி டேப்பைப் பற்றி. கடைக்காரர் முதலில் காட்டியது ₹20 டேப். பஸ் ஸ்டாண்டில் தொங்கும் வகைதான். அதில் ஒரு வேடிக்கையை அவரே காட்டினார். ஒரு பக்கம் 60 இஞ்ச், மறுபக்கம் 150 செ.மீ., இரண்டும் டேப் முழுக்கச் சரியாக நிரம்பியிருந்தன. உண்மையில் 60 இஞ்ச் என்பது 152.4 செ.மீ. அப்படியென்றால் இரண்டு பக்கத்தில் ஏதோ ஒன்று பொய். "பாவாடை தைக்க இது போதும், உங்க பொண்ணு கணக்குக்கு ஆகாது" என்று சிரித்தார். சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

₹90 டேப்பில் சென்டிமீட்டர் பக்கம் 152ஐத் தாண்டிப் போகிறது. உள்ளே கண்ணாடி இழை போட்டிருக்கிறார்கள், அதனால் நீளாது என்றார். நான் சும்மா நம்பவில்லை. ஒரு நுனியை அவரைப் பிடிக்கச் சொல்லி என் பலம் கொண்டமட்டும் இழுத்தேன், பிறகு கோலில் வைத்தோம். 100க்கு 100. இரண்டரை மாதம் கழித்து போன வாரம் மறுபடியும் அதே கோலில் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. இடையில் ஒரு நாள் தெரியாமல் அயர்ன் பாக்ஸ் பக்கத்தில் கிடந்தது, அதற்கும் ஒன்றும் ஆகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பந்து. 20.4. மூன்று முறை பெருக்கி 59.2ஆல் வகுத்தால் 143.4. தாம்பாளத் தண்ணீர் 144. பெண் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அந்தத் தர்பூசணித் தோல் அதற்குள் மாட்டுக்குப் போய்விட்டது, ஆனால் 64.7க்கு உண்மையான அளவு 66. அதன் கன அளவு 4855. தராசு காட்டிய 4 கிலோ 700 மிதக்கிற பழத்துக்குப் பொருத்தமான எடைதான். மறுநாளே போய் 9 ரூபாயைக் கொடுத்தேன். தம்பி வாங்கமாட்டேன் என்றார். பக்கத்திலிருந்த நுங்குக்காரரிடம் சொல்லி அந்தக் காசுக்கு அவருக்கு நுங்கு வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது உருண்டையைப் பார்த்தால் டேப் தானாக வருகிறது. உருண்டையை அளப்பதில் சில நெளிவு சுளிவு உண்டு. டேப் எப்போதும் ஒரு பக்கம் சரியப் பார்க்கும், மார்பளவு எடுக்கும்போது முதுகில் இறங்குமே, அதே மாதிரி. உருண்டையின் நட்டநடுவில் ஓடினால்தான் கணக்கு சரி. நாலைந்து விதமாகச் சுற்றிப் பார்த்து, வருவதில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். நுனியில் இருக்கும் பித்தளைத் தகடு தடித்தது, அது வளைவில் படியாது. அதனால் 10ஆம் எண்ணிலிருந்து ஆரம்பித்துக் கடைசியில் 10 கழித்துவிடுவேன். எலுமிச்சை, லட்டு போன்ற சின்னவற்றுக்கு டேப் வேண்டவே வேண்டாம். அதன் அகலமும் தடிமனும் இடிக்கும். தையல் நூலை ஒரு சுற்று சுற்றி, சந்திக்கிற இடத்தைக் கிள்ளிப் பிடித்து, பிறகு டேப்பில் வைத்துப் பாருங்கள்.

லட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. நாத்தனார் வீட்டு வளைகாப்புக்கு இரண்டு இடத்தில் லட்டு விலை கேட்டோம். ஒன்று சுற்றளவு 13, இன்னொன்று 15. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கணக்குப் போட்டால் முதல் லட்டு 37 கன செ.மீ., இரண்டாவது 57. ஒன்றரை மடங்கு! தர்பூசணியில் இது இன்னும் நன்றாகத் தெரியும். 50 செ.மீ. சுற்றளவுப் பழம் இரண்டு சேர்ந்தால்தான் 63 செ.மீ. பழம் ஒன்று. பழக்கணக்கில் விலை சொல்லும் வண்டியில் சின்னது 50 ரூபாய், பெரியது 80 என்றால் யோசிக்கவே வேண்டாம், பெரியதைத் தூக்குங்கள். தோலின் தடிமன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பெரியதில் சதைப்பற்று இன்னும் கூடுதலாகவே கிடைக்கும்.

எல்லாப் பழமும் உருண்டையாக இருக்காதே என்பீர்கள். நீள்வாட்டுப் பழத்துக்கு 59.2 செல்லாது. இடுப்புச் சுற்றளவை அதாலேயே ஒரு முறை பெருக்கி, பழத்தின் நீளத்தால் பெருக்கி, 18.85ஆல் வகுக்க வேண்டும். இதுவும் டியூஷன் சார் தந்ததுதான். நீளத்தை வளைவின்மேல் அளக்கக் கூடாது. இரண்டு முனையிலும் செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் உள்ள தூரத்தை அளக்கணும். சுற்றளவு 60, நீளம் 32 என்று ஒரு பழம் பார்த்தேன், ஆறு லிட்டருக்கு மேல் வந்தது. ரோட்டோரத்தில் செங்கல் தேடிக்கொண்டு நிற்க எனக்கே வெட்கமாக இருந்ததால் அதோடு விட்டுவிட்டேன்.

டியூஷன் சார் ஒருநாள் பெண்ணை விட வந்தவர் டேப்பை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். கால்பந்து விதிப் புத்தகமும் தையல்காரர் மாதிரிதான், விட்டம் சொல்லாது, சுற்றளவுதான் சொல்லும். 68லிருந்து 70 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். கேட்டதும் போட்டுப் பார்த்தேன். 68க்கு 5310, 70க்கு 5792. விதிக்குள்ளேயே அரை லிட்டர் விளையாடுகிறது! அப்புறம் இன்னொன்று. இந்த டேப்பில் இருக்கிற சென்டிமீட்டரே பூமியின் சுற்றளவை வைத்து வந்ததுதானாம். பிரெஞ்சுக்காரர்கள் 1790களில் வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகைவரை உள்ள தூரத்தைக் கோடிப் பங்காக்கி, ஒரு பங்குக்கு மீட்டர் என்று பெயர் வைத்தார்கள். அதனால்தான் துருவங்கள் வழியாகப் பூமியைச் சுற்றினால் கிட்டத்தட்ட 40,000 கி.மீ. என்று முழு எண்ணாக வருகிறது. பெண் உடனே 40,000ஐ மூன்று முறை பெருக்கி 59.2ஆல் வகுத்தாள். 1.08 லட்சம் கோடி கன கிலோமீட்டர். போன் திரையில் எண் அடங்கவில்லை, நோட்டில்தான் எழுதினாள்.

குறை சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. டேப் புதிதில் விறைப்பாக இருக்கும், கழுத்தில் போட்டால் வழுக்கி விழும். ஒரு மாதம் பழகினால்தான் வளைந்து கொடுக்கிறது. இஞ்ச் பக்கத்தில் அரைக்கால் கோடுகள் மிக மெல்லியவை, சாயங்கால வெளிச்சத்தில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. கை அதிகம் படும் முதல் ஐந்து சென்டிமீட்டரில் கறுப்பு மை இப்போதே மங்கத் தொடங்கிவிட்டது. ₹90 கொடுத்த பொருளுக்கு மை இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். போன வாரம் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "கை வேர்வைம்மா, அதுக்கு நான் என்ன பண்றது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பில்லும் கேட்டால்தான் தருகிறார். ஆனால் கேட்டவர்களுக்கு மீட்டர் கோலை எடுத்து வைத்துக் காட்டுகிற கடை இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அதற்காகவே ஐந்துக்கு நாலு.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே டேப்பைப் பிரித்து, 60 இஞ்ச் முடிகிற இடத்தில் மறுபக்கம் 152ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். 150 என்று இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பழைய டேப்பை என்ன செய்தேன் என்றால், பழைய வாடிக்கையாளர்களின் அளவெல்லாம் நோட்டில் அந்த டேப் கணக்கில்தான் இருக்கிறது. அவர்கள் திரும்ப வந்து அளவு கொடுக்கும்வரை அவர்கள் துணிக்கு அதையேதான் எடுக்கிறேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்குகின்றன. ஆணியை மட்டும் வெயில் படாத சுவருக்கு மாற்றிவிட்டேன்.